ஆக்சிஜனின் எட்டாவது ஆள்

போன வாரம் காக்கநாடு போகும் ஏசி பஸ்ஸில் ஏறினேன். இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர், ஜன்னலோரமாக. யார் பக்கத்தில் உட்கார்வது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கியபோது, கெமிஸ்ட்ரி டீச்சரின் நினைவு வந்தது.

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் நடந்த டுடோரியல் காலேஜில் நானும் அவரும் வேலை பார்த்தோம். பிரீ-டிகிரியில் தோற்றவர்களுக்கு நான் இங்கிலீஷ் நடத்தினேன். அவர்கள் மறுபடியும் தோற்றார்கள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த டீச்சரின் வகுப்பு, ஆளுயரத் தட்டிக்கு அந்தப் பக்கம். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். என் பக்கம் மிளகு நெடியால் வந்த தும்மல் மட்டும்.

எலெக்ட்ரான்கள் அணுவுக்குள் எப்படி இடம் பிடிக்கின்றன என்பதை டீச்சர் பெஞ்சுகளை வைத்தே விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தார். பெஞ்சுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஒரே வரிசையில் பெஞ்ச் காலியாக இருந்தால் ஜோடி சேரக்கூடாது. உட்கார்ந்தவர் எழுந்து இடம் மாறக்கூடாது. ஜோடி சேர்ந்தால் ஒருவர் முன்பக்கமும் மற்றவர் பின்பக்கமும் பார்க்கவேண்டும். காலேஜின் முதலாளியான பிரின்சிப்பலுக்கோ ஒரே விதிதான்: பையனும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் வீட்டில் பெண்களின் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் பயம். "இனி ஒருக்கா கண்டால் நாளைக்கு வரவேண்டா" என்று டீச்சரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். டீச்சர் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

ஒரு மழை நாளில் ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். நான்கு பையன்கள் முதல் இரண்டு பெஞ்சில் ஜோடியாக. பின்வரிசையின் மூன்று பெஞ்சிலும் பெண்கள் தனித்தனியாக. ஏழு எலெக்ட்ரான், அழகான நைட்ரஜன். அப்போது நனைந்தபடி இன்னொரு பையன் வந்தான். "வா வா, ஆக்சிஜன் ஆயாச்சு. பின்னாடி உட்காரு" என்றார் டீச்சர். அவன் பின்னாலேயே பிரின்சிப்பல் நின்றார்.

"டீச்சரே, இது எந்தா?"

"எட்டாவது எலெக்ட்ரான், சார்."

"இவன் முன்பெஞ்சில் மூணாமத்தவனா இருக்கட்டே."

"மூணு பேர் கூடாது, சார்."

"அப்போ அந்தப் பெண்குட்டிகள் ரெண்டு பேர் சேர்ந்து இருக்கட்டே."

"உட்கார்ந்தவங்க எழுந்து மாறக்கூடாது, சார். புதுசா வர்றவர்தான் ஜோடி சேரணும்."

பிரின்சிப்பல் சரித்திரம் படித்தவர். இதில் யார் ராஜா, யார் துரோகி என்று அவருக்குப் புரியவில்லை. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா ஸ்தானத்துல இருக்கறவர் நீங்க. இவனுக்குப் பதிலா நீங்களே உட்காருங்கோ, சார். பின்பக்கம் பார்த்து."

வகுப்பே அவரைப் பார்த்தது. அவர் குடையை மடக்கி, வேட்டியைச் சரிசெய்து, கடைசிப் பெஞ்சில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். பின்பக்கம் இருந்தது தட்டி. தட்டிக்கு மேலே, நாற்காலியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தலை.

அன்று போகவிருந்தது டீச்சரின் வேலை; வசவு வாங்கியது நான். நானறிந்த ஷேக்ஸ்பியரையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு சரளமாகத் திட்ட வராது. திட்டி முடித்த களைப்பில், வந்த காரியத்தை அவர் மறந்துபோனார். அடுத்த வாரம் அவரே வகுப்பு வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு ஆள் குறைவுண்டோ, டீச்சரே?" என்று கேட்டார்.

பஸ்ஸில் ஒரு பெண் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, "இரிக்கு, அங்கிள்" என்று நகர்ந்துகொண்டாள். உட்கார்ந்தேன். காக்கநாடு வரும்வரை, கழுத்து வலிக்க வலிக்க, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே இருந்தேன்.