உடுப்பை விற்க மறுத்த மாத்தளைக் கடை

நான்கு வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் எனக்கு வலது காறை எலும்பு முறிந்தது. எலும்பு பொருந்திய பிறகும் அந்தத் தோள் மற்றதைவிட ஒன்றரை அங்குலம் இறங்கியே நிற்கிறது. ரெடிமேட் உடுப்பு எதைப் போட்டாலும் ஒரு பக்கம் சரியும். மேலே ஒரு சால்வையைப் போட்டு மறைத்துக்கொள்வேன். இந்தப் பெப்ரவரியில் அலுவலகக் கூட்டமொன்றில் இருநூறு பேர் முன்னால் நான் பேச வேண்டியிருந்தது. மாத்தளையில் சில பெண்கள் தாங்களே வடிவமைத்துத் தைத்து விற்பதாகத் தோழி சொன்னாள். கொழும்புக் கடைகள் எனக்கு அலுத்துப் போயிருந்ததால், கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அங்கே போய்விட்டேன்.

முந்தின வெள்ளி இரவே வந்து கண்டியில் தங்கினேன். காலை 7.40 பஸ், இருபத்தாறு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், 130 ரூபாய். இடது பக்க சன்னல் இருக்கை கிடைத்தால் வெயில் படாது.

முதலில் ஒரு தவறு செய்தேன். இணையத்தில் படம் பார்த்து, த்ரீவீல் பிடித்துப் பலாபத்வல என்ற பக்கத்து ஊருக்குப் போனேன். 700 ரூபாய். அங்கே பார்த்த கடைகளில் உடுப்புகளில் எல்லாம் ஒரே யானை, ஒரே மயில், ஒரே அளவு. வெறுங்கையோடு திரும்பி வந்து ஏறியதும், காத்திருந்த ஓட்டுநர் பௌமி நானா சிரித்தார்.

"அது பஸ்ல வாற வெள்ளக்காரங்களுக்குங்க. டவுன்லயே நம்ம புள்ளைகள் நல்லா தைக்கிறாங்க. முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவர் இறக்கிவிட்டது பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு மருந்துக்கடை வாசலில். அதன் மாடியில் மூன்று பெண்கள் ஒரே தளத்தைப் பகிர்ந்திருந்தார்கள். ஒருவர் துணியில் மெழுகால் வரைந்து சாயமேற்றிப் பத்திக் போடுகிறார், ஒருவர் பை தைக்கிறார். வெட்டித் தைப்பது ரிஸ்மினா. முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி.

கருநீலத்தில் ஒரு நீளச் சட்டையை எடுத்தேன். 6,800 ரூபாய். போட்டுப் பார்த்து, மேலே சால்வையையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ரிஸ்மினா குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். "ஷோலை எடுத்துருங்க மிஸ். தோள் எப்படி விழுதுன்னு பார்க்கணும்."

"பரவாயில்லை, சரியாகத்தான் இருக்கு. பில் போடுங்க."

"அப்பிடின்னா இத நான் தர மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "காசு குடுத்துத்தானே வாங்குறேன்?"

"காசு பிரச்சினை இல்ல. உள்ளுக்கு என்ட பேர் தைச்சிருக்கேன். நீங்க மேல மூடிக்கிட்டு உடுத்தா, நான் வெட்டினது பிழைன்னுதானே அர்த்தம்?"

உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. நான்கு வருடத்தில் ஒரு தையற்காரர்கூட உடுப்பில் பிழை இருக்கலாம் என்று சொன்னதில்லை. எல்லோரும் என் தோளைத்தான் பார்த்தார்கள்.

திரும்பி ஏறினேன். சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். ரிஸ்மினா எப்படி ஆனது என்று கேட்கவில்லை. இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து எழுதினார்.

"உள்ளே பஞ்சு வைத்துச் சமப்படுத்தலாமா?" என்றேன்.

"வைக்கலாம். வேணுமா?"

கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தேன். "வேண்டாம்."

"நல்லம். மூணரைக்கு வாங்க."

சோறும் பொலஸ் என்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் சாப்பிட்டு, அம்மன் கோயில் வீதியில் சுற்றிவிட்டுப் போனேன். சட்டையின் கழுத்தைச் சாய்வாக வெட்டி, உயர்ந்த தோளிலிருந்து இறங்கிய தோளுக்கு ஒரு வெள்ளைப் பத்திக் பட்டியை ஓடவிட்டிருந்தார். சரிவு அப்படியே இருந்தது. ஆனால் உடுப்பு அந்தச் சரிவுக்காகவே பிறந்தது போல உட்கார்ந்திருந்தது. கையைத் தூக்கினேன், குனிந்தேன், நகரவில்லை. வெட்டித் தைத்ததற்கு 1,200 ரூபாய் மேலதிகம்.

இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஓர் ஆசிரியை என்னைப் பார்த்து, "எனக்கும் இதே கழுத்து வைங்க" என்றார்.

"அது அவங்கட அளவு டீச்சர்," என்றார் ரிஸ்மினா. "உங்களுக்கு வேற வெட்டுவோம்."

கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினேன். ஒருமுறைகூடக் கை தோளுக்குப் போகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மாடிக்கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக மூடியிருக்கும். கார்டு வாங்க மாட்டார்கள். அளவு திருத்த இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். கண்டிக்கு மாலை ஐந்து மணி பஸ்ஸில் கூட்டம் நெரியும், நாலரைக்கே ஏறிவிடுவது நல்லது. கடைக்காரர் விற்க மாட்டேன் என்றால், படியிறங்குமுன் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.