பெயர் மாறாத லைப்ரரி

1991இல் மண்ணூர்ப் பக்கம் மெஷின்களில் சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் நான் ஒருவன்தான். கஸ்டமரிடமிருந்து ஒரு லாட் ஷாஃப்ட் முழுதும் திரும்பி வந்த அன்று காலையிலேயே அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஆரோக்கியத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஷாஃப்டுகள் எல்லாம் அளவுக்கு மேல் தடிமன். அவன் பார்க்காமலே பாஸ் பண்ணிவிட்டான் என்று ஒர்க்ஸ் மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

பர்மனென்ட் ஆகக் காத்திருந்தவன் ஆரோக்கியம். நேராக என்னிடம் வந்தான். "ஒவ்வொண்ணா கேஜுல வெச்சித்தான் சார் பார்த்தேன். பச்சை லைட்டுதான் எரிஞ்சிது. நீங்களே வெச்சிப் பாருங்க."

கம்ப்யூட்டரோடு இணைத்த அந்த அளவுக் கருவியில் வைத்தேன். அளவு சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. திரும்பி வந்த ஷாஃப்டுக்கும் பச்சைதான் எரிந்தது.

கேஜை ஓட்டும் புரோகிராம், வெளிநாட்டில் யாரோ எழுதி சோர்ஸோடு, அதாவது மூல நிரலோடு, இலவசமாக விட்ட ஒரு லைப்ரரியை நம்பி ஓடியது. லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு. ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது. முந்தின வாரம் ரிப்போர்ட் அடிக்கும் சாஃப்ட்வேர் போட வந்த மெட்ராஸ் ஆள், அதற்குத் தேவை என்று அந்த லைப்ரரியின் புது வெர்ஷனைப் பழசின் மேலேயே போட்டான். "ஃபங்ஷன் பேரெல்லாம் அப்டியேதான் கீது சார், ஒண்ணும் ஆவாது" என்றான். உள்ளே என்ன மாற்றினார்கள் என்று பார்க்காமல் வேண்டாம் என்றேன். "ஓசில வருது, அதுக்கும் நொட்டை சொல்றியா? ஓடுதில்ல, வுடு" என்றார் மேனேஜர்.

ஓடத்தான் செய்தது. ஷாஃப்டுக்கு அனுமதித்த அளவுகளை லைப்ரரி வரிசையாக வைத்திருக்கும்; பழையதில் முதல் இடத்தில் குறைந்தபட்ச அளவு, இரண்டாவதில் அதிகபட்சம். புதியதில் நடுவே ஒரு இடத்தைச் செருகி, கேஜால் அளக்க முடிந்த உச்ச அளவை அங்கே வைத்துவிட்டார்கள். நம் புரோகிராம் வழக்கம்போல இரண்டாவதையே படித்தது. எவ்வளவு தடித்த ஷாஃப்ட் வந்தாலும் பச்சை. புரோகிராமை அதன் சோர்ஸிலிருந்து மறுபடி கம்பைல் செய்தால் சரியாகும் என்று லைப்ரரியை எழுதியவர்கள் சொல்லியிருந்தார்கள். எதை வைத்துச் செய்வது? புரோகிராம் எழுதியவர் துபாய் போய்விட்டார், சோர்ஸ் யாரிடமும் இல்லை.

பேக்கப் எடுத்து வைத்திருந்த டேப்பிலிருந்து பழைய லைப்ரரியை மீட்டுப் போட்டேன். அதே ஷாஃப்டுக்குச் சிவப்பு எரிந்தது. மேனேஜரை இழுத்து வந்து காட்டினேன்.

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற? கேஜே தப்புன்னு சொன்னா, புது லைப்ரரி போட்டப்புறம் அனுப்புன அத்தனையும் கஸ்டமர் திருப்பிடுவான். ஆள் தப்புன்னா இந்த லாட்டோட போச்சு."

முதலாளி வரை போய்ப் பார்த்தேன். அவரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

கேட்டில் ஆரோக்கியம் நின்றிருந்தான்.

"லைப்ரரி தப்புதானே சார்?"

"ஆமா."

"பழசைத் திரும்ப வெச்சிட்டீங்களா?"

"வெச்சிட்டேன்."

"அப்ப என்னையும் திரும்ப எடுத்துக்குவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க, ஆரோக்கியம்."

லைப்ரரி எழுதுகிறவர்களே, உள்ளே அமைப்பை மாற்றினால் வெளியே பெயரையும் மாற்றிவிடுங்கள். பழைய புரோகிராம் பழைய பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுபோகட்டும். நின்றுபோனால் என்னை நாலு வார்த்தை திட்டுவார்கள். தப்பாக ஓடினால், உங்களுக்குத் தெரியாத ஊரில் ஒருவனுக்கு வேலை போகும்.