சீ சீ என்றார் அந்த வீட்டம்மா

போனில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள் அபுதாபியின் முசஃபாவில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் உண்மையும்கூட. பாலைவன ரோட்டில் உச்சி வெயிலில் நின்றுபோன லாரிக்காரர்கள் எனக்குப் போன் போட்டு, பானெட்டைத் திறந்து, போனை இன்ஜின் பக்கம் நீட்டுவார்கள். நான் கராஜில் உட்கார்ந்தபடியே, "பாய், வாட்டர் பம்ப் பேரிங் போச்சு, வண்டியை நகர்த்தாதே" என்பேன். அப்படியே இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சிவகங்கைப் பக்கமிருந்து வெல்டருக்கு ஹெல்ப்பராக இங்கே வந்தவன், இன்று இரண்டு கராஜுக்கு முதலாளி என்றால் அதற்கு இந்தக் காதுதான் காரணம். இந்தி, மலையாளம், அரபி, பட்டாணியர்களின் பஷ்தூ எதையும் நான் எழுதிப் படித்ததில்லை. எல்லாம் காது வழியாக வந்தவை. அந்தக் காதை நம்பி ஒரு புதன்கிழமை மாலை நான் செய்த காரியத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் அபுதாபியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கல்லூரியில் ஆறு மாதம் ஸ்பெயினுக்குப் போய்ப் படிக்க வாய்ப்பு வந்தது. ஹாஸ்டலில் தங்குகிறேன் என்றாள். கூடாது, ஒரு குடும்பத்தோடுதான் இருக்க வேண்டும், வீட்டில் ஒரு பெண் துணை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். மாணவர்களை வீடுகளில் சேர்த்துவிடுகிற அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. வலென்சியாவில் வீடு. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. கணவர் பேருந்து ஓட்டுநர் என்று மகள் வாசித்துச் சொன்னதும் எனக்குத் திருப்தியாகிவிட்டது. வண்டியோடு புழங்குகிறவன் வீடு தப்பாக இருக்காது என்றேன். மகள் சிரித்தாள். பெயர் என் வாயில் நுழையாததால் அன்றிலிருந்து அவர் எங்களுக்கு வீட்டம்மா ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினாள். தினமும் எங்கள் கணக்கில் மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் பேசுவாள். அங்கே அப்போது மூன்று மணி, அவர்கள் மதியச் சாப்பாட்டு நேரமே அதுதானாம். உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு அடை மாதிரி மொத்தமாக ஒன்று செய்து தருகிறார்கள் என்றாள். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்வேன். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பாஸ்போர்ட்டை எங்கே வைத்திருக்கிறாய், வெந்நீர் வருகிறதா என்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேன்ப்பா" என்பாள். கடைசி இரண்டு நிமிடம்தான் என் மனைவி கைக்குப் போன் போகும். "நீங்க விசாரணை முடிச்சுட்டு மிச்சம் மீதி இருந்தா எனக்குக் குடுங்க" என்று குத்துவாள்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் பேசினோம். "சரிப்பா, வைக்கிறேன்" என்றாள். ஆனால் போன் துண்டிக்கப்படவில்லை. மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது, திரை இருட்டாகிவிட்டது, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை. முதலில் தட்டுச் சத்தம். பிறகு மகள் அந்த ஊர்ப் பேச்சில் தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னாள். அவள் குரல் உடைந்தது. உடனே அந்த அம்மாவின் குரல் பலமாக, "சீ, சீ!" மகள் அழுதபடி மேலும் ஏதோ சொன்னாள். மறுபடியும் "சீ, சீ, போ..." என்று தொடங்கி என்னவோ வந்தது. என் பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. "சீ... சீ... போ..." அதோடு லைன் அறுந்துபோனது. திரும்பத் திரும்ப அடித்தேன், போன் அணைந்திருந்தது.

பிள்ளையை நாயை விரட்டுவது மாதிரி விரட்டுகிறாள் என்றேன். மனைவி என் கையைப் பிடித்தாள். "செத்த இருங்க. அவ மறுபடி பேசட்டும். இது என்ன கார் சத்தமா, கேட்ட ஒடனே சொல்றதுக்கு?"

"என் காது பொய் சொல்லாது."

"காது சொல்லாது. நீங்க இருக்கீங்கள்ல."

நான் கேட்கவில்லை. படிவத்தில் அவசரத்துக்கு என்று போட்டிருந்த அலுவலக எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஹவுஸ் லேடி வெரி பேட். மை டாட்டர் க்ரையிங். ஷி சே கோ, கோ. சேஞ்ச் ஹவுஸ், நவ்." அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். நான் இரண்டு தடவையும் யெஸ் என்றேன். ஒரு மணி நேரத்தில் அவளே திரும்ப அழைத்து, இன்றே வீட்டை மாற்றிவிடுகிறோம் என்றாள். மனைவியிடம், "பாத்தியா, எந்த நாடா இருந்தா என்ன, பேசற விதத்துல பேசினா வேலை நடக்கும்" என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை கராஜில் இருந்தபோது மகள் அழைத்தாள். முன்தினம் மாலையே அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, பெட்டியைக் கட்டச் சொல்லி, அவளை ஒரு விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டம்மா வாசலில் நின்று ஏன், ஏன் என்று கேட்டாராம். யாரும் காரணம் சொல்லவில்லை.

"என்னப்பா பண்ணுனீங்க?"

நான் கேட்டதைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "சீன்னா இங்க ஆமான்னு அர்த்தம்ப்பா. அவங்க போன்னு சொல்லல. போப்ரெசீத்தான்னு சொன்னாங்க. பாவம் புள்ளைன்னு அர்த்தம்."

கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"அப்ப ஏம்மா அழுதே?"

"உங்ககிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சதும் தினம் அழுகை வந்துரும். பாஷை புரியல, க்ளாஸ்ல ஒருத்தரும் பேசல. அவங்க தோள்ல சாஞ்சு அழுவேன். அவங்க ஆமா ஆமான்னு முதுகத் தடவுவாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க ஒடனே ஏதாவது பண்ணிருவீங்க." நிறுத்திவிட்டுச் சொன்னாள், "பண்ணிட்டீங்கள்ல."

பிழை என்று தெரிந்தால் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவது என் தொழில். அன்றே அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் தப்பு, கலாஸ், இதோடு முடிந்தது, பிள்ளையைத் திரும்ப அந்த வீட்டிலேயே விடுங்கள் என்றேன். அதே பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். புகார் பதிவாகிவிட்டது, விசாரணை முடியும்வரை அந்த வீட்டுக்கு யாரையும் அனுப்ப முடியாது, பெற்றோர் ஒரே நாளில் புகாரைத் திரும்பப் பெற்றால் யாராவது மிரட்டியிருப்பார்களோ என்றும் நாங்கள் பார்க்க வேண்டும் என்றாள். அதாவது நான் கெஞ்சக் கெஞ்ச அந்த அம்மா மேல் சந்தேகம் கூடியது. நேரில் போகலாமென்றால் விசாவுக்கு மூன்று வாரம். எமிரேட்ஸ் முழுக்க எந்தக் கதவைத் தட்டினால் எது நடக்கும் என்று தெரிந்தவன், அன்று இரண்டு டீயை ஆறவிட்டுவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். "தயவு செஞ்சு இனிமே ஒண்ணும் பண்ணாதீங்கப்பா" என்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள்.

அப்படியும் சும்மா இருக்கத் தெரியவில்லை. சனிக்கிழமை, அவள் போன ஏழாம் நாள், படிவத்திலிருந்த வீட்டம்மாவின் எண்ணுக்கே வீடியோவில் அழைத்தேன். எடுத்தார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். மகளின் படத்தைக் காட்டினேன். முகம் மாறியது. சாரி என்றேன். இந்தியில் மாஃப் கரோ என்றேன், அரபியில் ஆஸிஃப் என்றேன், தமிழில் என்னை மன்னிச்சுருங்கம்மா என்றேன். கை கூப்பினேன். என் பிள்ளையை மறுபடி உள்ளே விடுவீர்களா என்று கையாலும் முகத்தாலும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கேமராவைத் திருப்பி ஓர் அறையைக் காட்டினார். விரிப்பு மடிப்பு கலையாத கட்டில், துடைத்து வைத்த மேசை. பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, நெடுநேரம் பேசினார். ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு சொல். அந்தச் "சீ" ஒரு தடவையாவது வராதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அதியோஸ் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் மேல் தப்பில்லை என்று முடிவாயிற்று. அதற்குள் மகளுக்கு வேறு இடம் கொடுத்துவிட்டார்கள். பட்டியலில் மறுபடி பெயர் சேர்க்கிறோம் என்றதற்கு, இனி யாரையும் வீட்டில் வைத்துக்கொள்வதாக இல்லை என்று வீட்டம்மா மறுத்துவிட்டாராம். ஆனால் மகளை விடவில்லை. அங்கிருந்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். அவள் திரும்பி வந்த பிறகும் ஞாயிறுதோறும் பேசுகிறார்கள். பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்கும். மகள் ஏதோ சொல்லிச் சிரிப்பாள், சில நாள் குரல் கம்மும். என்னவென்று போய்க் கேட்க மாட்டேன்.

இதையெல்லாம் முதலில் அந்த அம்மாவுக்குக் கடிதமாகத்தான் எழுதினேன். மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் நான் உரக்கப் படிக்க, அவள் ஸ்பானிஷில் மாற்றித் தட்டச்சு செய்தாள். "இன்ஜின் கதையெல்லாம் எதுக்குப்பா?" என்றாள். "அது இல்லாட்டி நான் எப்படி ஏமாந்தேன்னு அவங்களுக்குப் புரியாதும்மா" என்றேன். சரி என்று தட்டினாள். மகள் அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து அழுத இடம் வந்தபோது என்னால் படிக்க முடியவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு அந்த இடத்தை அவளாகவே தட்டிக்கொண்டாள்.

அனுப்பி மூன்று ஞாயிறு போய்விட்டது. அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது. நேற்றுப் பேசி முடித்து வெளியே வந்தவளிடம் கேட்டேன்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

என் எதிரே உட்கார்ந்தாள். என் மனம் நோகாதபடி ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்தவள்தான்.

"சொன்னாங்கப்பா. படிச்சாங்களாம். இன்னும் மனசு ஆறலையாம். உங்களப் பத்தி இப்போதைக்குப் பேச வேணாம்னாங்க." கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் இன்னும் முழுசா ஆறலப்பா" என்றாள்.

சரிம்மா என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.