ஏழு கப்பு வெள்ளம்

எங்கள் வீட்டில் துப்பியதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. காறித் துப்பினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றிய கையோடு வெளியே வந்துவிட வேண்டும். இது அப்பா போட்ட சட்டம். அப்பா பேரூராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சாக்கடையெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவிய மனிதர் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? வெளியே போய் வந்தால் கால் கழுவ வேண்டும். சாவு நடந்த துட்டி வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் வாசல்படி ஏறக் கூடாது. வெட்டிய நகத்தை மண்ணில் புதைக்க வேண்டும். சாப்பாட்டு அறையில் கை கழுவ வெள்ளை வாஷ்பேசின் ஒன்று உண்டு. அதில் வாய் கொப்பளித்தால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது, அவ்வளவு திட்டு விழும்.

துப்புவதெல்லாம் குளிமுறியில்தான். குளியலறையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் குளிமுறி வீட்டுக்கு வெளியே, அடுக்களைக்குப் பின்னால் நாலு எட்டு தள்ளி இருக்கிறது. சிமெண்டுத் தொட்டி, கருத்துப்போன சிமெண்டுத் தரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே ஊசி விழுந்தால் வெளியே உலக்கை விழுந்ததுபோலக் கேட்கும்.

அப்பா தினமும் விடிந்ததும் அதற்குள் போவார். பல் தேய்ப்பார். பச்சைத் தென்னை ஈர்க்கை இரண்டாகக் கீறி நாக்கு வழிப்பார். பிறகு காறுவார். மூன்று தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாக. அந்த நீளமான காறலில் வேலியில் நிற்கும் காக்கா பறந்துபோகும். அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றும் சத்தம். அடுக்களையில் நிற்கும் என் மனைவிக்கு அதுதான் கடிகாரம். நீளமான காறல் கேட்டதும் பால் விடாத கட்டங்காப்பிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.

அவள் கேரள எல்லைப் பக்கத்துக் குலசேகரத்துக்காரி. தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "மாமா, குளிமுறியில வெள்ளம் இல்ல" என்று வந்து நின்றாள். அப்பா சிரிக்காமல், "நல்லதாப் போச்சு மக்கா. வெள்ளம் வந்தா வீடுல்லா போயிரும்" என்றார். பெண் பிள்ளை இல்லாத அப்பாவுக்கு அவள்மேல் தனிப் பிரியம். அவளும் இன்றுவரை வெள்ளத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சாவதற்கு இரண்டு வருடம் முன்பு அப்பா திடீரென்று பற்பசையை விட்டுவிட்டு உமிக்கரிக்கு மாறினார். நெல் உமியைக் கரியாக்கி, உப்பும் நல்லமிளகும் பொடித்துச் சேர்த்து, பால்பவுடர் டப்பா ஒன்றில் நிரப்பி வைத்துக்கொண்டார். "இதுக்கு மேல என்ன இருக்கு? பேஸ்டு எல்லாம் சும்மா சோப்பு நுரை" என்பார். கேட்டவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். வடசேரியில் நான் வைத்திருக்கும் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் பெருமை அடித்திருக்கிறேன். எழுபத்தைந்து வயதில் பல்லைப் பார்த்தீர்களா என்று.

பிறகு அவர் மெலிந்தார். நடந்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது புற்று நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இவ்வளவு தூரம் வந்திருக்குன்னா சளியில ரொம்ப நாளா ரத்தம் போயிருக்கும். வீட்டுல யாருமே பாக்கலையா?" என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. அப்படித்தான் சொன்னோம். அப்பாவிடம் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்று தலையாட்டினார். மூன்றாம் நாள் அவர் வாயைத் துடைத்த வெள்ளைத் துண்டில்தான் நாங்கள் முதன்முதலாகச் சிவப்பைக் கண்டோம். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்தது. அவருடைய சட்டை எனக்குப் பற்றவில்லை, செருப்பு பெரிதாக இருந்தது. உமிக்கரி டப்பா மட்டும் பாதி நிறைய இருந்தது. தூரப் போட மனம் வரவில்லை. நான் அதில் பல் தேய்க்க ஆரம்பித்தேன். அந்த உப்பும் காரமும் நாக்கில் பட்டால் அப்பா பக்கத்தில் நிற்கிற நினைப்பு வரும். வாயில் எப்போதும் கொஞ்சம் உப்பு கரித்துக்கொண்டே இருந்தது. உமிக்கரி அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் நான் குளிமுறியிலிருந்து வந்தேன். மனைவி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மாமா வந்திருக்காரு" என்றாள்.

"எங்க?"

"குளிமுறியில. காறுத சத்தம் கேட்டுது. வெள்ளம் கோரி ஊத்துகாரு."

"நான்தான ஏட்டி உள்ள நின்னேன்?"

"நீங்களும் நின்னீங்க. அவரும் நின்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அடுப்பில் மூன்று பேருக்கான கட்டங்காப்பி கொதித்தது.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன், திரும்பி வந்ததும் அவள் சொல்வாள். மூன்று குட்டை, ஒரு நீளம். ஏழு கப்பு வெள்ளம். எண்ணியிருக்கிறாள். உள்ளே எனக்கு எதுவும் கேட்டதில்லை. குழாய் திறந்து கிடக்கும், தொட்டியில் தண்ணீர் கொட்டும், எனக்கு என் பல்லைத் தேய்க்கிற சத்தம்தான் தெரியும். ஆனால் அவள் சொல்லத் தொடங்கிய பிறகு அங்கே நிற்கும்போது பிடரியில் குளிர்ந்தது. முதுகுக்குப் பின்னால் இடம் போதாததுபோல இருந்தது. ஒருநாள் என்னையறியாமல் ஓரமாக ஒதுங்கி நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், இன்னொருவருக்கு வழி விட்டதுபோல. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் மண்டைக்காட்டு அம்மைக்கு நேர்ந்துகொண்டாள். "அந்த டப்பாவைத் தூரக் களையுங்க. அதைத் தேடித்தான் வாறாரு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவள் பேசுகிற பேச்சா என்று கத்தினேன். உன் வாயை அடைக்கிறேன் பார் என்று மறுநாள் காலையில் போனில் ஒலிப்பதிவைப் போட்டு அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். அன்றைக்கும் அவள் அவர் வந்ததாகச் சொன்னாள். "இருக்கட்டும், எல்லாம் இதுல இருக்கு" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன்.

பதினோரு மணிக்குக் கடையில் ஆள் குறைந்ததும் இயர்போனைக் காதில் மாட்டினேன். வெளியே பஸ் ஸ்டாண்டு இரைச்சல், காய்கறி லாரி ஹாரன். காதுக்குள் எங்கள் வீட்டு விடியற்காலை. குக்கர் மூடி, காக்கா, குழாய். பிறகு அப்பா காறினார்.

அவரேதான். மூன்று குட்டையாக, ஒன்று நீளமாக. அந்த நீளத்தின் கடைசியில் தொண்டை கிழிவதுபோல ஒரு இழுப்பு வரும், அதுவும் இருந்தது. எனக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றது. இயர்போனைப் பிடுங்கிவிட்டேன். வாளி கேட்டு வந்த ஒரு அம்மா, "என்ன அண்ணாச்சி, கரண்டு அடிச்சிட்டா?" என்று கேட்டார்.

திரும்பவும் போட்டுக் கேட்டேன். நாலாவது தடவைதான் புத்தியில் ஏறியது. குளிமுறியில் நின்றது நான் ஒருவன். காறியது நான். அப்பாவின் தொண்டையால் நான் காறியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். என்றைக்கும் இல்லாத பழக்கம் இது. முன்பெல்லாம் வாய் கொப்பளித்துவிட்டு வந்துவிடுவேன்.

பயம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் சத்தம் இருந்ததே. உமிக்கரி எச்சிலைக் கழுவ இரண்டு கப்பு போதும், நான் இரண்டு கப்புதான் ஊற்றுகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பதிவில் ஏழு இருந்தது. நீளமான காறலுக்கும் முதல் கப்புக்கும் நடுவில் ஒரு அமைதியும் இருந்தது. ஐந்தாறு நொடி. ஒரு மனிதர் குனிந்து பார்ப்பதற்கு வேண்டிய நேரம்.

அப்போதுதான் எனக்கு உமிக்கரி விளங்கியது. கருப்பு எச்சிலில் சிவப்பு தெரியாது. சாவதற்கு இரண்டு வருடம் முன்பு ஏதோ ஒரு காலையில் அப்பா வெள்ளை நுரையில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் உமி வறுத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதனைக்குக் கொடு என்று ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ச் சொன்னவர். காசநோய் என்று நினைத்திருப்பார். யார் யார் வீட்டு வாசலிலோ தான் போய் நின்றதுபோலத் தன் வீட்டு வாசலில் ஒருவன் பையோடு வந்து நிற்பான் என்று கூசியிருப்பார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தினமும் குனிந்து பார்த்து, ஏழு கப்பு ஊற்றி, எங்களையும் திரும்பிப் பார்க்க விடாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாரே பாவி மனுஷன்.

ஆத்திரம் அடங்கியபோது வாயில் உப்புக் கரித்தது. அன்று காலையில் பல் தேய்த்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் குளிமுறிக்குப் போகவில்லை. சாப்பாட்டு அறையில், துப்பக் கூடாது என்று அப்பா சொன்ன வாஷ்பேசின் முன்னால் நின்றேன். புதுப் பற்பசை, புது பிரஷ். குழாயைத் திறக்கவில்லை. தேய்த்தேன். தொண்டை தானாக எழுந்தது. மூன்று குட்டை, ஒரு நீளம். இந்தத் தடவை என் காதால் கேட்டேன். வெள்ளைப் பீங்கானில் வெள்ளை நுரை விழுந்தது. நுரைக்குள் சிவப்பு நூல் ஒன்று சுருண்டு கிடந்தது.

என் கையில் ஒரு கப்பு தண்ணீர் இருந்தது. எப்போது மொண்டேன், எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. கப்பு குளிமுறியில் இருக்கும் கப்பு, அப்பா புழங்கிய நீலக் கப்பு. கை தானாகச் சரியத் தொடங்கியது. ஊற்றிவிட்டால் ஒன்றும் இல்லை, கடைக்குப் போகலாம் என்று இருந்தது. அப்பாவுக்கும் தினமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"ஏட்டி" என்று கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை கத்திக் கூப்பிட்டேன். "இங்க வந்து பாரு. சீக்கிரம் வா."

வந்தாள். வாஷ்பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கப்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் காலைச் சளியை எடுத்துவரச் சொல்லி மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். அப்பாவின் பையில் எப்போதும் பத்துப் பதினைந்து கிடக்கும் டப்பா அது. சிறுவயதில் அதைத் திருடி பென்சில் சீவல் போட்டு வைத்திருக்கிறேன். எனக்குக் காசநோய்தான். அப்பா தனக்கு வந்துவிட்டதாகப் பயந்த நோய். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். மனைவிக்கும் பரிசோதனை செய்தார்கள், அவளுக்கு ஒன்றும் இல்லை. உமிக்கரி டப்பாவை அவளே வாழைமூட்டில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அதன்பிறகு நான் வாஷ்பேசினில்தான் பல் தேய்க்கிறேன். துப்பியதும் தண்ணீர் விட எனக்கு அனுமதி இல்லை. அவள் அடுக்களையிலிருந்து வந்து, எட்டிப் பார்த்து, வெள்ளையாக இருப்பதை உறுதி செய்த பிறகுதான் குழாயைத் திறப்பாள். ஐம்பத்திரண்டு வயதில் துப்பியதைக் காட்டிக்கொண்டு நிற்க முதல் வாரம் எனக்கு உயிர் போனது. பிறகு பழகிவிட்டது. மூன்றாம் மாதம் காறலே நின்றுவிட்டது.

அதே மாதத்தில் ஒருநாள், மாத்திரை அசதியில் விடிந்த பிறகும் கட்டிலில் கிடந்தேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. அப்போது குளிமுறியிலிருந்து காறல் வந்தது. மூன்று குட்டையாக, ஒன்று நீளமாக. கடைசியில் அந்த இழுப்பு. வேலியில் காக்கா சிறகடித்தது.

நான் கட்டிலில் இருக்கிறேன். என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். அசையாமல் இருந்தது. அந்த ஐந்தாறு நொடி அமைதி வந்தது. எனக்கு எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. அடுத்தது தண்ணீர்.

அடுக்களைக் கதவு திறந்தது. என் மனைவியின் குரல் கேட்டது. அதில் பயம் இல்லை. தினமும் பேசுகிற குரல்தான்.

"மாமா, வெள்ளம் ஊத்தண்டாம். அப்படியே வெச்சிட்டு வாருங்க. நான் பாத்துக்கிடுகேன்."

காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.