ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்கு, வெடிக்கிற காரில்

போன ஐப்பசி அடைமழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றுபோனது. கோலகங்சாரில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மடியில் உட்கார வைத்துக்கொள்ளத் தாய்மாமன் நான் போயே ஆகவேண்டும். ஈப்போவில் வாடகைக் கார் பேசினேன். முப்பத்தொரு மைல், எட்டு வெள்ளி, காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. இதே வழியில் காரில் போக நினைக்கும் சிலர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன். உல்லாசப் பயணம் என்று எண்ணிப் படிக்க வேண்டாம்.

காருக்கு என்ன வயது என்று டிரைவர் மாரிக்கே தெரியாது. முன்னால் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புகிற ரகம். கட்டைவிரலை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் சுற்றினான். தீப்பொறி முந்தி விழுந்தால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடுமாம். எனக்கென்று அமைகிற வண்டி எல்லாம் இப்படித்தான்.

செம்மோர் தாண்டியதும் கார் இருமத் தொடங்கியது. சுங்கை சிப்புட்டுக்கு இரண்டு மைல் இருக்கையில், ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில், பின்குழாயில் டமார், டமார் என்று இரண்டு வெடி. மாரி காரை நிறுத்தினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. இஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்பதை முன்பின்னாக மாற்றுவது அதுதான். அதன் கம்பி தேய்ந்து கழன்றிருந்தது.

"நெருப்பு பிந்தி விழுது ஐயா. பெட்ரோலு உள்ளுக்குள்ள எரிஞ்சு முடியறதுக்கு முந்தியே புகை போற கதவு திறந்துருது. மிச்சம் குழாய்க்குப் போயி அங்க வெடிக்குது லா."

வேறு கம்பி வைத்துக் கட்டினான். இஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. ஏறப் போனேன். அதற்குள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண், கையில் மடித்த வெள்ளை வேட்டியோடு.

"புலி எங்க விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

பின்னால் மூச்சிரைக்க வந்த கங்காணிதான் விஷயத்தைச் சொன்னார்.

"ரப்பர்ப் பால் வெட்டப் போன இவ புருசனை முந்தாநேத்து புலி அடிச்சிருச்சுங்க. தோட்டத்துத் துரை துப்பாக்கியோட மலைப்பக்கம் தடம் பார்த்துப் போயிருக்காரு. ரெண்டு வெடி கேட்டா புலி செத்துச்சுன்னு அர்த்தம், அப்புறம் போயி உடம்பை எடுத்துக்கலாம்னாரு. அதுவரைக்கும் உடம்பு அங்கயே கிடக்கணுமாம். மலையில கிடைக்கலேன்னா, அதைத் தேடிப் புலி திரும்பி வரும்போது சுடணுமாம்."

செத்த மனிதனை இரையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். கேட்டது துப்பாக்கி இல்லை என்று அவளிடம் யார் சொல்வது? மாரிதான் சொன்னான்.

"அக்கா, அது எங்க காரு."

அவள் அழவில்லை. காரைச் சுற்றி வந்து பின்குழாயைப் பார்த்தாள்.

"இன்னும் வெடிக்குமா அண்ணே?"

"இல்லக்கா. இப்பதான் சரி பண்ணேன்."

"மறுபடி வெடிக்க வைங்க. அந்தச் சத்தத்துக்கு அது கிட்ட வராதுல்ல? நான் போயி அவரை எடுத்துக்கிறேன்."

"துரைக்குத் தெரிஞ்சா உனக்கு வேலை போயிரும்" என்று கங்காணி அதட்டினார்.

"போகட்டும். ரெண்டு ராத்திரியா மழையில கிடக்குறாரு."

மாரி என்னைப் பார்த்தான். செய் என்றேன்.

கட்டிய கம்பியை அவனே அவிழ்த்தான். மாட்டுவண்டித் தடத்தில் காரை இறக்கி, பொறி மறுபடி பிந்தி விழ விட்டு, ஓட்டத்திலேயே சுவிச்சை அணைத்து அணைத்துப் போட்டான். ஒவ்வொரு தடவையும் குழாய் வெடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் காது அடைத்துப்போனது. மரங்களுக்குள் அவள் போக, நாலைந்து ஆண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். கங்காணி தடத்திலேயே நின்றுகொண்டார். குழாய் காய்ந்து கருகல் வாடை வந்தது. மாரி நிறுத்தவில்லை.

அரை மணி நேரம் கழித்து வேட்டியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். ஓர் ஆளின் நீளம் அதில் இல்லை. ஒரு முனையை அவளே பிடித்திருந்தாள். லயம் வரைக்கும் காரில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவள் பின்சீட்டில் இருந்த சீர்த்தட்டைப் பார்த்தாள்.

"நல்ல காரியத்துக்குப் போற வண்டி ஐயா. நாங்க நடந்தே போயிக்கிறோம்."

கோலகங்சார் சேரும்போது மணி இரண்டு. தெருக்குழாயில் குளித்துவிட்டுத்தான் தங்கை வீட்டுக்குள் நுழைந்தேன். ஆசாரி காதில் ஊசியை ஏற்றியதும் குழந்தை வீறிட்டது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. குத்தியது மாமனுக்கா மருமகளுக்கா என்று கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: சாலை மோசமில்லை, மழை நாளில் ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுமுன் அந்த நெம்புகோலின் கம்பியை டிரைவரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். துரைக்கு அன்றைக்கும் புலி கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்து ஓரத்தில் கார் வெடித்தால் ஓட்டிக்கொண்டே போய்விடாதீர்கள். இறங்கி நில்லுங்கள். ஓடி வருகிறவர்களிடம் அது கார்தான் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.