என் விரலில் தொண்ணூற்றாறு

ஐந்தாம் வகுப்பில் கணக்குக்கு நான் வாங்கிய அதிகபட்ச மார்க் முப்பத்தெட்டு. அப்படிப்பட்ட என்னிடம்தான் அப்பாவின் சுகர் மெஷினை ஒப்படைத்தார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் பேச்சும் போயிருந்தன. சர்க்கரை குறைந்தால்தான் கை திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா விடியுமுன் முந்திரி ஆலைக்குப் போய்விடுவாள். அப்பாவின் இடது கை விரலில் குத்தி, மெஷின் காட்டும் எண்ணை நோட்டில் எழுதிவிட்டுப் பள்ளிக்கூடம் போவது என் உத்தியோகம்.

அஞ்சுகிராமத்து மாமா ஒருநாள் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியோடு வந்தார்.

"சீனிதாம் ஆவாது மக்கா. கருப்பட்டி மருந்துல்லா! அம்மைட்ட சொல்லாத, அவ டாக்டருக்க ஆளு."

நான் மாமாவின் ஆள். தினம் ஒரு துண்டு அப்பாவின் வாயில் வைத்தேன். மூன்றாம் நாள் மெஷின் முன்னூற்றுப் பத்து காட்டியது. மருந்து தின்றவருக்கு எப்படிக் கூடும்? மெஷின்தான் கெட்டுப்போச்சு என்று, என் விரலில் குத்திப் பார்த்தேன். தொண்ணூற்றாறு.

சாயங்காலம் வந்ததும் அம்மா மெஷினை அமுக்கினாள். அது கடைசி எண்ணைத்தான் காட்டும்.

"ஏட்டி, பாத்தியா! அப்பாக்க கை வந்துரும்!"

ஓடிப்போய்த் தெருமுனைச் சிலுவைக் குருசடியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். எந்தப் பரீட்சையிலும் தேறாத என்னில், ரத்தமாவது தேறியதே! அந்தத் தொண்ணூற்றாறையே நோட்டிலும் எழுதினேன். மறுநாள் முதல் என் விரலிலேயே குத்தினேன்.

அப்போதிருந்து அப்பா காலையில் இடது கையை நீட்டி, ஒரு விரலை ஆட்டி, 'ங்... ங்...' என்பார். கருப்பட்டிக்குத்தான் என்று ஒரு துண்டு வைப்பேன். தலையை ஆட்டுவார். கண்ணில் தண்ணீர் வரும். போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு வைப்பேன்.

நோட்டைப் பார்த்து டாக்டர் ஊசி மருந்தைக் குறைத்தார். கை கால் பயிற்சி கொடுக்க வந்த அக்காதான் முழித்தாள்: "சுகர் இவ்வளவு நல்லாருக்கு. கை மட்டும் ஏன் அசைய மாட்டேங்கு?"

பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தபோது அந்த இடது கையும் போனது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. "வீட்டுல பாக்கவே இல்லியா?" என்று நர்ஸ் அதட்ட, அம்மா நோட்டை விரித்துப் பக்கம் பக்கமாகக் காட்டினாள். எல்லாம் என் கையெழுத்து. நான் விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மழைக்காலம் முடியுமுன் அப்பா போய்விட்டார்.

இப்போது எனக்கும் சுகர். அந்தத் தொண்ணூற்றாறு பிறகு வந்ததே இல்லை. காலையில் குத்துவதற்கு விரலை நீட்டும்போதெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். அப்பா அந்த விரலை ஒருநாளும் தன் வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை. மெஷினை நோக்கித்தான் நீட்டினார்.