குழாய் முனையில் ஒரு குழந்தை

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நுரையீரல் வேலை செய்யாத பச்சிளங்குழந்தையின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி ஒன்று உண்டு. அதற்குள் ரத்தம் எங்கே தேங்கி உறையும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

பிறந்ததுமே மூச்சுத் திணறிய குழந்தையை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டு அண்ணி வீடு திரும்பியிருந்த சமயம். காபி கொண்டுவந்தவர், திரையில் சுற்றிக்கொண்டிருந்த சிவப்பைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதுல கொழந்த எங்க தம்பி?"

கருவியிலிருந்து ரத்தம் திரும்பிப் போகும் குழாயின் முனையைக் காட்டினேன். "கொழந்தைய வரைய மாட்டோம் அண்ணி. அதுக்குப் பதிலா ஒரு நம்பர் குடுத்துடுவோம்."

"கொழந்தையே இல்லாம ஓட்டிக்கினு இருக்கியா? வெறும் தொட்டில ஆட்டக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு? நிறுத்து மொதல்ல!"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. படித்தவர் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவர் போன பிறகு என்னால் அதை ஓடவிட முடியவில்லை. குழாயின் முனை வெறுமையாகவே கண்ணில் பட்டது.

கடைசியில், கணக்குக்குத் துளியும் தேவையில்லாத ஒரு சின்ன உருவத்தை அங்கே வரைந்தேன். இப்போதும் அது இல்லாமல் எதையும் ஓட்டுவதில்லை.

அண்ணி அதற்குப் பிறகு திட்டவில்லை. தினமும் காபியை வைத்துவிட்டு, திரைக்கு அருகில் குனிந்து பார்த்துக் கேட்கிறார்:

"மூச்சு வருதா தம்பி?"